மணிலாக்காரர் வீட்டுக் கோப்பை

ரங்கூனில் நான் படித்த முதல் வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால் சட்டென்று ஞாபகத்துக்கு வருவது காலேஜும் இல்லை, தங்கக் கோபுரமும் இல்லை, களைப்புதான். காலையில் கண் விழிக்கும்போதே களைப்பாக இருக்கும். பதினெட்டு வயதுப் பையனுக்கு அப்படி என்ன களைப்பு என்று நீங்கள் சிரிக்கலாம். ஐந்து பாஷைகளுக்கு நடுவில் வாயைத் திறக்கவும் பயந்து, மூடவும் பயந்து ஒரு வருஷம் இருந்து பாருங்கள், தெரியும்.

கப்பலை விட்டு இறங்கியதும் மாமாவிடம்தான் தங்கினேன். என் தாயாரின் தம்பி. ரயில்வேயில் ஷண்டிங் வேலை. மிங்கலா தாங்ஞுன்ட் என்ற பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டி ஒற்றை அறை. அதில் அவரைப் போல இன்னும் சிலர். முறை மாற்றி வேலைக்குப் போகிறவர்கள் ஆதலால் ஒருவர் எழுந்த பாயில் சூடு ஆறுவதற்குள் இன்னொருவர் படுப்பார். ஜன்னலைத் திறந்தால் கரிப்புகை, மூடினால் புழுக்கம். நான் புத்தகத்தை விரித்தால் யாருக்காவது விளக்கு வெளிச்சம் கண்ணில் குத்தும். சில நாள் பார்த்துவிட்டு மாமா சொன்னார்:

"இங்க இருந்தா நீயும் படிக்க மாட்டே மாப்ளே, நாங்களும் தூங்க மாட்டோம்."

அவருக்குத் தெரிந்த ஒருவர் பயாஸ்கோப் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். அது பேசாப் படங்களின் காலம். அந்தக் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து, படத்தில் யாராவது அழுதால் சோகமாகவும் ஓடினால் வேகமாகவும் பிடில் வாசிக்கும் மணிலாக்காரர் ஒருவர் இருந்தார். அவரும் அவர் மனைவியும் இருந்த மாடி வீட்டில் ஓர் அறை காலி. டிக்கெட்காரர் மாமாவிடம் சொல்ல, மாமா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே விட்டுவிட்டார். அறை மட்டும்தான் பேச்சு. சாப்பாடு என் பாடு. "அமைதியான எடம்பா, ரெண்டே பேரு" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நின்றேன்.

மணிலாவில் அவர்கள் குடும்பம் ஸ்பானிஷ் பேசுகிற குடும்பம். ரங்கூனுக்கு வந்து எத்தனையோ காலமாகியும் வீட்டுக்குள் அதைத்தான் பேசினார்கள். சண்டையும் அதில்தான், ஜபமும் அதில்தான். என்னிடம் பேசும்போது பாதி இங்கிலீஷும் பாதி பஜார் ஹிந்துஸ்தானியும் கலந்து வரும். என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாள் பேசியதையெல்லாம் நான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன். அன்றைக்கு இவ்வளவு சுலபமாக எனக்குப் புரிந்துவிடவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்த வீட்டில் ஜன்னல்களைச் சாத்தித் தூங்கப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் பகலில் ஒருவர் படுத்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். இங்கே படுக்காதவனைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்கள். வகுப்பு சீக்கிரம் முடிந்து வந்த நாட்களில் படியில் உட்கார்ந்திருப்பேன், கதவைத் தட்ட மனமில்லாமல். பசி வேறு. காலையில் தமிழர் சாப்பாட்டுக் கடையில் தின்றது டிராமில் நின்றபடி வருவதற்குள் கரைந்துவிடும். மறுபடி சாப்பிட இருட்டிய பிறகு, மழையில் அதே கடைக்கு நடக்க வேண்டும். பல நாள் நடக்கவில்லை.

அவர்கள் தூங்கி எழுந்து முகம் கழுவி, அவர் கொட்டகைக்குக் கிளம்புவதற்கு முன்னால், பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு சிற்றுண்டி உண்டு. கெட்டியாகக் காய்ச்சிய சாக்லேட், வெண்ணெய் தடவிய ரொட்டி. அதன் வாசனை வராந்தாவைத் தாண்டி என் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மேஜையைத் தாண்டித்தான் நான் உள்ளே போயாக வேண்டும். தாண்டும்போது அந்த அம்மாள் தலை நிமிர்ந்து, "குஸ்தா?" என்பார். வேண்டுமா, சாப்பிடுகிறாயா என்று அர்த்தம்.

நான் நல்ல பிள்ளையாக "வேண்டாம், தாங்க்ஸ்" என்பேன். சொல்லிவிட்டு அங்கேயே நிற்பேன்.

ஏன் நிற்கிறேன் என்று தமிழ் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் முதல் அழைப்பு மரியாதைக்கு, இரண்டாவது ஆசைக்கு; மூன்றாவது அழைப்பில் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார்கள், அப்போதுதான் சாப்பாடு. முதல் தடவையிலேயே உட்கார்ந்துவிட்டவனைப் பற்றி அவன் போன பிறகு பேசுவார்கள். "போதும்" என்று சொல்பவன் இலையில் இன்னும் ஒரு கரண்டி விழாவிட்டால் அது உபசாரமே இல்லை. அந்த வீட்டில் இரண்டாவது அழைப்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. "வேண்டாம்" என்றதும் அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு ரொட்டியைச் சாக்லேட்டில் தோய்ப்பார். நான் கொஞ்ச நேரம் நின்று, செருப்பைச் சரிசெய்து, மழையைப் பற்றி ஏதாவது சொல்லி, பிறகு அறைக்குள் போவேன். தினமும் இதே கூத்து.

ஒருநாள் துணி கொண்டுவந்த சலவைக்காரனிடமும் "குஸ்தா?" என்றார். அவன் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். சரிதான், இது இவர்கள் வீட்டு நமஸ்காரம் போலிருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. காலேஜில் பர்மியப் பையன்களும் அப்படித்தான், பார்த்தவுடன் "சாப்பிட்டாச்சா?" என்பார்கள், பதிலுக்குக் காத்திராமல் போவார்கள். ஊரே என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டது, ஒருவரும் ஒரு கவளம் போடவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். இருப்பது இரண்டு பேர், மேஜையில் மூன்று கோப்பைகள். மூன்றாவது கவிழ்த்தபடியே இருக்கும். சுவரில் மெழுகுவர்த்தி ஏற்றிய மாதா படம் இருந்ததால், சாமிக்கு வைக்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மழைக்காலத்தின் நடுவில் காலேஜில் பரீட்சை வைத்தார்கள். ரசாயனத்தில் கோட்டைவிட்டேன். புரொபசர் பேசிய இங்கிலீஷ் என் ஊர் வாத்தியார் பேசிய இங்கிலீஷ் இல்லை. பாதி அவர் மீசையிலேயே நின்றுவிடும். வருஷக் கடைசியிலும் இப்படியே ஆனால் படிப்புக்கு முழுக்குதான். அதற்காக அழுகை வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. ஊருக்குப் போய்விடலாம், போதும் என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாமாவிடம் போனேன். அவர் இரவு வேலை முடித்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் பாயில் சாய்ந்திருந்தார்.

"மாமா, எனக்கு இங்க ஒத்துக்கல. ஊருக்குப் போயிடலாம்னு பாக்கறேன். கப்பல் டிக்கெட்டுக்குச் சொல்லிவைக்கிறீங்களா?"

அவர் கண்ணைத் திறக்காமலே, "ம்... ஓன் இஷ்டம்பா" என்றார்.

அவ்வளவுதான். 'ஏண்டா போறே, என்ன குறை, இவ்வளவு தூரம் வந்துட்டு' என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தண்டவாள ஓரமாகவே நடந்து வந்தேன். எனக்கு அன்றைக்கு வந்த துக்கம், பரீட்சையில் தோற்றதற்கு வரவில்லை. சொந்தத் தாய்மாமனே தண்ணீர் தெளித்து விட்டுவிட்டான் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரமே மணிலா அம்மாளிடமும் சொல்ல வேண்டியிருந்தது, அறைக்கு வேறு ஆள் பார்க்க வேண்டுமே. சாக்லேட் நேரம். பிடில்காரர் தன் வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்துக்கொண்டிருந்தார். "குஸ்தா?" என்றார் அந்த அம்மாள். "வேண்டாம்" என்றேன். பிறகு, ஊருக்குப் போகிறேன், அறையைக் காலி செய்கிறேன் என்றும் சொன்னேன்.

"அறை நன்றாக இல்லையா?"

"நன்றாகத்தான் இருக்கிறது."

"அப்படியானால் சரி. உன் விருப்பம்."

இங்கேயும் அதே பதில். நான் வழக்கம் போல நின்றேன். அந்த அம்மாள் ரொட்டியைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் ஒன்று கேட்கிறேன். தினமும் வேண்டாம் என்கிறாய். வேண்டாம் என்றால் போக வேண்டியதுதானே? எதற்காக நின்று நாங்கள் தின்பதைப் பார்க்கிறாய்? உனக்கு முன்னால் இருந்த மதராஸ் பையனும் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டான். குடிக்காதே, பரவாயில்லை. ஆனால் அவன் இப்படி நின்று பார்த்ததில்லை."

எனக்கு இருந்த இங்கிலீஷையும் ஹிந்துஸ்தானியையும் கைகளையும் சேர்த்து மென்று விழுங்கிச் சொன்னேன்: எங்கள் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும், மூன்று தடவை கேட்பார்கள், மூன்றாம் தடவைக்குத்தான் நின்றேன், பசிதான், வேறொன்றுமில்லை.

பிடில்காரர் வில்லை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளுக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

"ஒருவர் வேண்டாம் என்ற பிறகு மறுபடி கேட்டால், அவர் வார்த்தையை நம்பவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்க மாட்டோம்."

"சலவைக்காரனையும் கேட்டீர்களே, அதனால் சும்மா கேட்பது என்று..."

"சலவைக்காரனுக்குக் கோப்பை வைத்தேனா?"

அந்தக் கவிழ்த்த கோப்பையைக் காட்டினார். நான் வந்த நாளிலிருந்து எனக்காக வைத்தது. தினமும் எடுத்து வைத்து, நான் உள்ளே போனதும் தொடாத கோப்பையைக் கழுவித் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறார். நான் அதை மாதாவுக்கு என்று நினைத்தேன் என்றதும் பிடில்காரர் இடி இடித்தாற்போல் சிரித்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கணக்கு வாத்தியார் மாதிரி சொன்னார்:

"போகாதே. போகாதே. போகாதே. மூன்று ஆயிற்று. உட்கார்."

உட்கார்ந்தேன். சாக்லேட் கசப்பாக இருந்தது, நாக்கைச் சுட்டது. நான் குனிந்தே குடித்தேன், கண்ணை அவர்கள் பார்க்க வேண்டாமென்று. அன்று அந்த வராந்தாவில் எனக்குக் களைப்பு தீர்ந்துவிடவில்லை. ரசாயனமும் அப்படியேதான் இருந்தது. ஆனால் போக வேண்டாம் என்று தோன்றியது, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றும் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மாமாவிடம் ஓடினேன். டிக்கெட் எடுத்துவிட்டிருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் வாசலிலேயே கேட்டேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, டிக்கெட்டு வேண்டாம். நான் போகல."

"எந்த டிக்கெட்டு?"

"போன வாரம் சொன்னேனே, ஊருக்குப் போறேன்னு."

"ஆமா, சொன்னே. மொத தடவ சொன்னதுக்கெல்லாம் எவனாச்சும் டிக்கெட்டு எடுப்பானா? மூணு தரம் வந்து சொல்லட்டும், பாப்போம்னு இருந்தேன்."

அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டியதை நினைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவர் அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைத்து, "சோறு போடட்டுமா?" என்று ஒப்புக்குக் கேட்டார்.

"போடுங்க மாமா" என்றேன்.

அவர் கரண்டியோடு திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "என்னடா," என்றார், "அவ்வளவு பசியா?"