நெல் களத்தில் ஒரு கூடைப்பந்துச் சம்பளக்காரன்

பந்து விளையாடிச் சம்பளம் வாங்குவது போலச் சுகமான தொழில் இல்லை என்று நினைப்பவர்கள், அந்தச் சம்பளத்தை ஒரு நெல் மில் முதலாளியிடம் வாங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். வாங்கியவர்கள் யாராவது இருந்தால், இப்படி என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

உத்தியோகம்

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் கூடைப்பந்து விளையாடியதைத் தவிர வேறொன்றும் கிழிக்காத எனக்கு, முரசுமோட்டையில் ஒரு மில்லில் வேலை கிடைத்தது. முதலாளிக்கும் வவுனியாவில் மில் வைத்திருந்த அவருடைய மச்சானுக்கும் ஆகாது. மச்சான் தன் தொழிலாளர்களை வைத்து ஒரு கூடைப்பந்து அணி நடத்தினார். இவருக்குப் பொறுக்குமா? தானும் ஓர் அணி சேர்க்க என்னைப் பிடித்தார்.

மச்சானின் அணியை வென்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் ஊருக்கு பஸ். அப்பாவோ மகனுக்கு மில்லில் உத்தியோகம் என்று ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார். எந்த முகத்தோடு திரும்பிப் போவது? மில்லில் எனக்கு என்ன வேலை என்று முதலாளியிடம் பயத்தோடு கேட்டேன்.

"வேலை ஒண்டும் இல்லைத் தம்பி, விளையாடினாச் சரி. ஆனா காலமை ஏழு மணிக்கு வந்திட வேணும்."

மைதானம்

அவித்த நெல் காயப்போடும் சீமெந்துக் களம்தான் எங்கள் மைதானம். இரண்டு பக்கமும் கம்பம் நட்டு, பழைய பீப்பா வளையங்களைக் கட்டினோம். மழைத்தண்ணீர் வடிய வேண்டுமென்று களத்தைச் சரிவாகக் கட்டியிருந்ததால், தவறவிட்ட பந்தெல்லாம் நேரே வாய்க்காலுக்குப் போனது.

நெல் காயப்போடும் பெண்களுக்குத் தலைவி அன்னம்மா அக்கா. மத்தியானத்தில் களத்தைக் கொஞ்சம் ஒதுக்கித் தர முடியுமா என்று கேட்டேன்.

"வெயில் நெல்லுக்குத் தம்பி. உம்மட பந்து காயத் தேவையில்லைத்தானே?"

பயிற்சி

என் அணியில் மற்ற நால்வரும் மூட்டை தூக்குகிறவர்கள். பந்து கிடைத்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வளையம்வரை நடப்பார்கள். அப்படிப் போகக்கூடாது, நிலத்தில் தட்டித் தட்டித்தான் போக வேண்டும் என்று ஒரு மாதம் தொண்டை கிழியச் சொன்னேன். மூத்தவர் சின்னராசா அண்ணைக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை.

"கையில கிடைச்சதை ஏன் தம்பி நிலத்தில போடுறது? பறிச்சுப்போடுவாங்களெல்லோ!"

போட்டி

மச்சான் தன் ஆட்களை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று காய்ந்த நெல்லைக் கரையில் ஒதுக்கிவிட்டு ஆடினோம். முடியச் சில வினாடிகளே இருக்க, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். பந்து என் கையில், வளையம் எதிரே. எறிந்து விழுந்தால் என் வேலை நிரந்தரம்.

அப்போது முல்லைத்தீவுப் பக்கம் இருண்டது. அன்னம்மா அக்கா "மழை!" என்று கத்தினார். என்னுடைய நால்வரும் நெல்லுக்கு ஓடிவிட்டார்கள். நான் வளையத்தைப் பார்த்தேன், நெல்லைப் பார்த்தேன். பந்தைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன். எதிரணியும் மில்லில் வேலை செய்கிறவர்கள்தானே, அவர்களும் பழக்கதோசத்தில் ஓடிவந்து நெல்லைக் குவித்துச் சாக்கால் மூடினார்கள். மச்சான் லொறியில் ஏறி நின்று கத்தினார்.

"டேய், அது எங்கட நெல்லில்லையடா!"

கணக்குத் தீர்ப்பு

ஆட்டம் அதோடு நின்றது. ஒரு புள்ளியால் நாங்கள் தோற்றதாக எழுதினார்கள். அடுத்தநாள் காலை பெட்டியோடு போய் முதலாளிக்கு முன்னால் நின்றேன். அவர் பெட்டியைப் பார்த்தார், பிறகு ஒரு துளியும் நனையாத நெல்லைப் பார்த்தார்.

"எங்க வெளிக்கிட்டனீர்? பெட்டியை வைச்சிட்டு அன்னம்மாவோட களத்தில நில்லும். இனி நீர் நிரந்தரம். பந்தை ஆருக்கெண்டாலும் குடுத்துவிடும்."

அப்பா ஊரெல்லாம் சொன்ன உத்தியோகம், கையில் கிடைத்ததை நான் நிலத்தில் போட்ட பிறகுதான் உண்மையானது.