ஏழாவது ஆட்டத்தின் இடது கை

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை அவன் வலது கையில் சுற்றி, நூறு எண்ணும்வரை பிடித்துக்கொண்டாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். சுண்டு விரலை நீவுவது சும்மா மரியாதைக்கு. மோதிர விரலும் அப்படித்தான். உண்மையான வேலை கட்டை விரலில் இருந்தது. அதன் அடிச்சதையை வட்டமாக அழுத்தி, மேலே இழுத்து, மடக்கி, விட்டாள். விரல் மெதுவாக, ஆனால் தானாகவே நிமிர்ந்தது.

"இன்னிக்கு எத்தனை அமுக்கு வரும்?" என்று கேட்டாள்.

"முப்பது வரும்க்கா. நீங்க கால ஒழுங்கா வச்சீங்கன்னா."

"என் கால எதுக்கு இழுக்கறே?"

"கேம்ல கொக்கியோட கால் உங்க கையிலதானே இருக்கு."

அவனுக்கு முப்பத்தாறு வயது. தசை தேயும் நோய். எட்டு வயதில் படியேற முடியாமல் போனதில் தொடங்கி, கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டு, இப்போது சொன்ன பேச்சைக் கேட்பது வலது கட்டை விரலும், கொஞ்சம் கழுத்தும், வாயும் மட்டும். அந்த வாய்க்கு ஒரு குறையும் இல்லை. மூச்சுக்கு மூக்கில் குழாய். கட்டிலின் எதிர்ச்சுவரில் பெரிய திரை. வீட்டில் அவனும் அவன் அம்மாவும்தான். அம்மா தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். இரவு அவர் பார்த்துக்கொள்வார். காலை ஏழிலிருந்து மாலை ஏழுவரை இவள்.

இவளைப் பற்றிப் பேசும்போது அம்மாவும் மகனும் 'இடதுகை' என்றுதான் சொல்வார்கள். அதற்குக் காரணம், திரையில் இவளும் அவனும் சேர்ந்து ஆடும் ஆட்டம்.

இவள் இந்தத் தொழிலுக்கு வந்தது நாற்பத்தாறு வயதில். அதற்கு முன் தையல் கம்பெனியில் பதினெட்டு வருடம் காலர் வைத்தாள். இடையில் கணவன் பக்கவாதத்தில் விழுந்தான். வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தாள். அவன் போன பிறகு, நோயாளியைப் பார்த்துப் பழக்கம் இருக்கிறதே என்று ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தாள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், படுத்திருப்பவர்களுக்கு எப்படி ஊட்டுவது என்று பாடம். தலையையும் முதுகையும் நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும், படுத்தபடி ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாயில் இறங்கி நெஞ்சில் சளி கட்டும் என்றார் சொல்லிக்கொடுத்த நர்ஸ். இவள் கணவன் நெஞ்சுச்சளியில்தான் செத்தான். இரண்டு வருடமும் படுத்தபடிதான் ஊட்டினாள், அதுவும் எவ்வளவு பொறுமையாக. எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, மீதிப் பாடத்தைக் கேட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. நோயாளியின் விஷயத்தில் ஒரு தப்பு நடந்தால், சின்னதோ பெரியதோ, அன்றே நோட்டில் எழுதிவிடுவாள். மறைத்த தப்பைத் திருத்த முடியாது என்பது அவள் கணக்கு.

இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் மாதம், அவன் இடது கை நின்றுபோனது. ஆட்டத்தின் கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். நான்கு நாள் அவன் திரையைப் போடச் சொல்லவே இல்லை. ஐந்தாம் நாள் இவளே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இடது பக்கம் என்ன செய்யணும்னு சொல்லு. காலர் வச்ச கை, ஒரு பொத்தானை அமுக்கத் தெரியாதா?"

அவன் சிரித்தான். பிறகு நிபந்தனை போட்டான். "உங்க பக்கம் நீங்க, என் பக்கம் நான். நான் செத்தாலும் என் பக்கம் கைய வைக்கக் கூடாது."

"நீ செத்தா எனக்கு ஆயிரம் வேலை இருக்கும். உக்காந்து கேமா ஆடுவேன்?"

அப்படித் தொடங்கியது. ஸ்பாஞ்சுப் பலகையில் கன்ட்ரோலரைக் கட்டி அவன் வயிற்றின்மேல் வைப்பாள். நடப்பது, ஓடுவது, குதிப்பது இடது பக்கம், அவள் கையில். கொக்கி வீசுவது, உடைக்கு ஏற்ற வித்தையைக் காட்டுவது வலது பக்கம், அவன் கட்டை விரலில்.

ஆட்டத்தின் நாயகனுக்குக் கையில் எப்போதும் ஒரு கயிறும் கொக்கியும் இருக்கும். அதனால் அவன் பெயரே கொக்கி. இருபத்தைந்து வருடத்தில் ஏழு ஆட்டம் வந்திருக்கிறது. முதல் ஆறையும் வரிசையாக ஆடவைத்துத்தான் அவளைத் தேற்றினான். முதல் ஆட்டத்தில் கொக்கிக்கு ஒரு பழுப்புச் சட்டை, அவ்வளவுதான். வித்தை ஒன்றும் கிடையாது. இரண்டாவதில் சிவப்பு மேலங்கி வந்தது, உயரத்திலிருந்து குதித்தால் விரிந்து மிதக்கும். மூன்றாவதில் செதில் உடை. தண்ணீருக்குள் மூச்சு விடலாம், ஆனால் கரையில் வாத்து மாதிரி நடப்பான். நான்காவதில் இரும்புக் கவசம். சுவரை உடைக்கலாம், குதிக்க முடியாது. "அவன இரும்புப் பெட்டில போட்டுக் கொன்னுட்டானுங்க" என்று அதைச் செய்தவர்களை இவன் இன்னும் திட்டுவான். ஐந்தாவதில் வெள்ளை உடை, மூன்று மூச்சு நேரம் உலகத்தையே நிறுத்திவைக்கும். ஆறாவதில் இரண்டு பக்கமும் போடக்கூடிய கோட்டு. கறுப்புப் பக்கம் வெளியே இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான், மஞ்சள் பக்கம் இருந்தால் விளக்கு மாதிரி எரிவான்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக்கிட்டா என்ன?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "குளிருக்கு நாம போடறதில்ல?"

"அப்புறம் கேம் எதுக்குக்கா?"

ஏழாவது ஆட்டத்தில் எல்லா உடையும் உண்டு. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் போடலாம். எந்த உடையோடு கடைசிக் கதவுக்குள் போகிறோமோ அதற்கு ஏற்ற முடிவு. மற்ற உடைகளின் முடிவுகளை உலகமே பார்த்தாயிற்று. பழுப்புச் சட்டையோடு கடைசிவரை போனவர்களைக் விரல் விட்டு எண்ணலாம். நடுவில் ஒரே ஒரு முறை கழற்றினால் அந்தச் சட்டை கிழிந்துவிடும். பிறகு முதலிலிருந்துதான் வரவேண்டும். அவன் அந்த முடிவைத்தான் கேட்டான். வேறு எதையும் கேட்கவில்லை. ஒரு வித்தையும் இல்லாமல் ஒருத்தன் போய்ச் சேர்ந்தால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான்கு மாதமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். தொடங்கியபோது கட்டை விரல் ஒரு காலையில் எழுபது தடவை அமுக்கியது. பிறகு ஐம்பது. இந்த வாரம் முப்பது. டாக்டர் விரலைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். கடைசிக் கதவுக்கு முன்னால் மிச்சம் இருந்தது ஒரு பாலம். ஒன்பது பலகை, ஆடும் பலகை. அவள் குதிக்க, அவன் கொக்கி வீச, இரண்டும் ஒரே நொடியில் நடக்க வேண்டும்.

அன்று காலை முப்பதும் வந்தது. முப்பதும் வீணானது. ஒவ்வொரு முறையும் ஆறாவது பலகையில் அவள் ஒரு நூல் தாமதமாகக் குதித்தாள். கொக்கி விழுந்துகொண்டே இருந்தான்.

"பரவால்லக்கா. நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான்.

அவன் திட்டியிருந்தால் அவளுக்கு உறைத்திருக்காது.

மதியம் அவனுக்கு ஊட்டி, வாய் துடைத்து, தூங்க வைத்தாள். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். அவள் திரையின் சத்தத்தை அணைத்துவிட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு ஆறாவது பலகையைப் பழகினாள். தனியாகப் பழகவேண்டுமென்றால் வலது பக்கத்தையும் தொட்டுத்தான் ஆகவேண்டும். தொட்டாள். விழுந்தாள். பன்னிரண்டு முறை விழுந்த பிறகு, பலகைக்கும் பலகைக்கும் எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை நின்று நிதானமாகப் பார்த்தால் போதும் என்று தோன்றியது. சிவப்பு மேலங்கி போட்டால் மிதந்து பார்க்கலாம். பார்த்துவிட்டு, பதியாமல் அணைத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும். முதல் ஆறு ஆட்டத்திலும் அப்படித்தான். பதிவு என்று ஒரு பொத்தானை அமுக்கினால்தான் பதியும். அவள் கற்றுக்கொண்டதும் அந்த ஆறில்தான். ஏழாவதில் பதிவு செய்யச் சொல்லி அவன் ஒருநாளும் சொன்னதில்லை, அவன் பக்கத்து வேலை என்று இவளும் கேட்டதில்லை.

மேலங்கியைப் போட்டாள். குதித்தாள். துணி விரிந்தது. கொக்கி ஆறாவது பலகையைத் தாண்டினான், ஏழாவதைத் தாண்டினான், இறக்கத் தெரியாமல் அவள் விழித்துக்கொண்டிருக்கும்போதே பாலத்தையே தாண்டிக் கதவுக்குள் போய் விழுந்தான். பின்னால் கதவு மூடிக்கொண்டது. திரையின் மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றி நின்றது. வயரைப் பிடுங்கினாள். மறுபடி செருகினாள். கொக்கி சிவப்பு மேலங்கியோடு கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தான். ஏழாவது தானாகவே பதிந்துகொள்ளும் ஆட்டம்.

கட்டிலில் தூங்கியவனின் மூச்சு ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அவள் நோட்டை எடுத்தாள்.

மாலை ஆறு மணிக்கு அம்மா நோட்டை உரக்கப் படிப்பது வழக்கம். தபால் அலுவலகப் பழக்கம், எதையும் வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்குத் திருப்தி. மகனும் கேட்டுக்கொண்டே கிண்டல் செய்வான்.

"எட்டு மணி, சிறுநீர் முந்நூறு."

"சாதனை" என்றான்.

"பதினொண்ணு, இருமல், சளி எடுத்தது. ஒண்ணரை, சாப்பாடு முக்கால் கிண்ணம்."

"அந்தக் கால் கிண்ணம் பூனைக்குன்னு எழுதலியா?"

"மூணு இருபது." அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "கேம்ல பழகறதுக்காக தம்பி பக்கத்தையும் தொட்டேன். சட்டைய மாத்தினேன். கதவு மூடிடுச்சு. பதிஞ்சுடுச்சு. தப்பு என்னோடது." நிமிர்ந்தார். "இது என்னம்மா?"

அவன் கண் கட்டிலின் காலடியில் நின்ற இவள்மேல் இருந்தது.

"எந்த உடை?"

"சிவப்பு."

"பழுப்பு கிழிஞ்சிருக்குமே."

"ஆமா தம்பி."

"நாலு மாசம்க்கா."

"தெரியும்."

"இன்னொரு நாலு மாசம் இதுல இல்ல." கட்டை விரலை அசைத்துக் காட்டினான். "உங்களுக்குத்தான் தெரியுமே. தினம் நீவறீங்க."

அம்மாவுக்கு ஆட்டமும் புரியாது, சட்டையும் புரியாது. மகனின் குரல் புரிந்தது. "கேமுதானேப்பா, மறுபடி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இவள் பக்கம் திரும்பி, "இத எழுதாம இருந்திருக்கலாமில்ல? அவன் நாளைக்குப் பாத்து, மெஷின் கோளாறுன்னு நெனச்சிட்டுப் போயிருப்பான்" என்றார் மெல்ல.

"இல்லம்மா. தன்னோட விரல்தான் எங்கயோ தப்பாப் பட்டுடுச்சுன்னு நெனச்சிருப்பான்."

அம்மா நோட்டை மூடிவைத்தார். அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த அளவுக்குத்தான் அவனால் திரும்ப முடியும். இரவுச் சாப்பாடு வேண்டாமென்றான். அவள் ஏழு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்தாள். பல் துலக்கிவிட்டாள், உடம்பு துடைத்தாள், தலையை நிமிர்த்திவைத்து ஊட்டினாள். அவன் வாயைத் திறந்தான், விழுங்கினான், அவ்வளவுதான். அவளும் சமாதானம் சொல்லவில்லை. ஒன்பது மணிக்குத் துண்டை நனைக்கலாமா வேண்டாமா என்று நின்றபோது, "போடுங்க" என்றான்.

"முதல்லேர்ந்தா?"

"இல்ல. நிக்கிற எடத்துலேர்ந்து."

துண்டு, நூறு எண்ணிக்கை, விரல் நீவல், பலகை எல்லாம் ஆயிற்று. கடைசி அறையில் கல் மனிதர்கள் பன்னிரண்டு பேர். சிவப்பு மேலங்கியோடு மேலிருந்து மிதந்து வந்து, ஒவ்வொருவன் தலையிலும் ஒரு கொக்கி வீச்சு. பன்னிரண்டு அமுக்கல். சுலபமான வேலைதான். அவள் ஓட்டினாள், குதித்தாள். இன்று ஒரு நொடிகூடத் தவறவில்லை. ஒன்பது பேர் விழுந்தார்கள். பத்தாவதுக்கு விரல் வரவில்லை.

கொக்கியை ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினாள். விரலை மறுபடி நீவினாள். மறுபடி வெந்நீர் கொண்டுவந்தாள். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றான். விரல் பொத்தானின்மேல் கிடந்தது, அழுத்தவில்லை. நேற்று முப்பது வந்த விரல்.

"காத்திருக்கலாம். நமக்கு என்ன ரயிலா போயிடும்?"

"காத்திருந்தா வராதுக்கா." குரலில் கோபம் இல்லை. "நீங்க அமுக்குங்க."

"அது உன் பக்கம்."

"நான்தானே சொல்றேன். அமுக்குங்க."

அவன் விரலைத் தூக்கித் துண்டின்மேல் வைத்துவிட்டு, தன் வலது கட்டை விரலை அந்த இடத்தில் வைத்தாள். பொத்தானில் அவன் சூடு இருந்தது. மூன்று முறை அமுக்கினாள். மூன்று பேரும் விழுந்தார்கள். சுவர் திறந்தது.

கொக்கி ஒரு மலை விளிம்பிலிருந்து குதித்து, மேலங்கி விரிய, கீழே ஒரு ஊரை நோக்கி மிதந்து போனான். இசை வந்தது. மக்கள் அண்ணாந்து பார்த்துக் கைகாட்டினார்கள். ஆட்டத்தை உருவாக்கியவர்களின் பெயர்கள் நீளமாக ஓடின. அவன் கடைசிப் பெயர்வரை பார்த்தான்.

"முடிஞ்சுதா?" என்று வாசல் பக்கமிருந்து அம்மா கேட்டார்.

"முடிஞ்சுதும்மா. நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். பிறகு அவளிடம், "பலகைய எடுத்துடுங்கக்கா. வயிறு வலிக்குது."

கட்டை அவிழ்த்தாள். பலகை அழுத்திய இடத்தில் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. இருமல் வந்தது, சளியை எடுத்தாள். பத்து மணிக்கு அவனை இடப்புறமாகத் திருப்பி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை கொடுத்து, காது மடங்காமல் சரிசெய்தாள். அந்தப் பக்கம் படுத்தால் ஜன்னல்தான் தெரியும், திரை தெரியாது. வழக்கமாக அவன் நேராகத் திருப்பச் சொல்லி அடம்பிடிப்பான். அன்று ஜன்னலைப் பார்த்தபடியே கிடந்தான். அவள் திரையை அணைத்துவிட்டு, துண்டை அலசக் கொண்டுபோனாள்.