கட்டுக்காலோடு வந்த ரதி

யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் ஐயாவு, வருஷம் முழுக்க முறுக்கி வளர்த்த மீசையை மாசி பிறந்ததும் மழித்துவிடுவார். தோட்டத்துக் காமன் கூத்தில் பதினேழு வருஷமாக அவர்தான் ரதி. மன்மதன்கள் மூன்று பேர் மாறியாயிற்று, ரதி மாறவில்லை.

தகராறு செய்தது வலது குதிகால். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் ஆணியில் ஏறிய மாதிரி இருக்கும். சுட்ட செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதித்தார். ஊசியும் போட்டுக்கொண்டார். இரண்டு வருஷமாகியும் கேட்கவில்லை. கத்திதான் வழி, தேதி கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டார் பெரியாஸ்பத்திரி டொக்டர்.

2004 மாசியில், ரதிக்குக் காப்பு கட்டிய மறுநாள் கடிதம் வந்தது. காமன் எரிய நாலு நாள் இருக்கும்போது ஒபரேஷன். தவறவிட்டால் இன்னும் எட்டு மாதம்.

"போயிட்டு வா. ஆனா காப்பு அவுந்துச்சுன்னா ரதி மாறணும்," என்றார் கூத்து மாஸ்டர் செல்லத்துரை. "நம்ம டிராக்டர் யோகராஜ் ரெடியா நிக்கிறான்."

"அந்த ஒட்டடைக்கம்பா? அவன் ரதியா வந்தா மன்மதன் தானாவே எரிஞ்சுருவான் மாஸ்டர்!"

"நீங்க நொண்டிக்கிட்டு ஆடுனா மட்டும் எரியமாட்டானாக்கும்," என்றாள் மனைவி மூக்காயி. "மொதல்ல பஸ்ஸுக்குக் கெளம்புங்க."

ஒபரேஷன் அறை வாசலில் நர்ஸ் கத்தரிக்கோலோடு நின்றார். மோதிரம், தாயத்து, நூல் எதுவும் உள்ளே போகக் கூடாது. ஐயாவு காப்புக் கட்டிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிங்களத்தில் விளக்கினார்: தான் மன்மதனின் மனைவி, இன்னும் நாலு நாளில் புருஷனை எரிக்கப் போகிறார்கள், அதுவரை நூலை அறுக்கக் கூடாது.

மயக்க மருந்து ஏற்கனவே கொடுத்தாகிவிட்டதா என்று நர்ஸ் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, நூல் வெளியே தெரியாமல் மேலே பிளாஸ்டரை ஒட்டிச் சுற்றினார்.

"ரதி நோனா, யமு," ரதி அம்மா, போகலாம் என்று சிங்களத்தில் சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

காப்போடு வீடு வந்த ஐயாவு, காலைத் தரையில் ஊன்றக் கூடாதாம். அதனால் அந்த வருஷ ரதி கைவண்டியில் வந்தாள். சேலைக்குக் கீழே வெள்ளைக் கட்டு. ஆட்டமெல்லாம் கையிலும் கண்ணிலும். வண்டி தள்ளியவன் யோகராஜ்.

"மெதுவாடா, இது டிராக்டர் இல்ல!"

"பிடிச்சிக்குங்கண்ணே!"

காமன் பற்றி எரிந்த நேரம், வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியது. ரதியின் குதிகால் பலகையில் மோதியது. "ஐயையோ!" என்று எழுந்த அலறலில் தப்பு அடித்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"பதினேழு வருஷத்துல இவன் இப்புடி அழுததே இல்ல," என்று செல்லத்துரை மூக்கைச் சிந்தினார். "இனி இவனத் தவிர எவனுக்கும் ரதி வேசம் கெடையாது."

அடுத்த மாசியில் குதிகால் பூரண சுகம். காப்புக்குக் கையை நீட்டுமுன் ஐயாவு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ரதி அழும் நேரத்தில் யோகராஜ் பத்தடி தள்ளி நிற்க வேண்டும்.