உப்புப் பெட்டிக்குப் பூட்டு

பூட்டக்கா என்ற பேரை இளையவள் முதன்முதலாகக் கேட்டது தையல் கடையில், கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது. அளவெடுத்துக்கொண்டிருந்த தையல்காரி நாடாவை அவள் தோளிலேயே விட்டுவிட்டு, "அந்த வீட்டுக்கா வாக்கப்படப் போறே? பூட்டக்காவுக்கு ஓரகத்தியாவா? சோப்பு டப்பாவுக்கே பூட்டுப் போடற ஆளாச்சே!" என்று சிரித்தாள்.

பூட்டக்கா, அந்த வீட்டு அண்ணன் தம்பி இருவரில் மூத்தவரின் மனைவி. இளையவள் வாக்கப்பட்டது அந்த மூத்தவரின் தம்பிக்கு. பூட்டக்காவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர் பிறந்த வீட்டில், அப்பாவின் சித்தப்பா மகன் ஒருவர் உறவு கொண்டாடி வந்து தங்கி, சாமான்களை ஒவ்வொன்றாகக் கடத்தினார். கடைசியில் அம்மாவின் தையல் மிஷினே பின்வாசல் வழியாகப் போனது. ஒன்பது வயதில் அதைக் கண்ணால் பார்த்துச் சொன்னார், யாரும் நம்பவில்லை. அன்று பிடித்த சந்தேகம் அவரை விடவே இல்லை.

இளையவள் புகுந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. சோப்பு நுரைக்காது, திரிந்து போகும். கெட்டிலுக்குள் சுண்ணாம்பு அப்பும். இளையவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு, அலசிய துணியெல்லாம் அட்டையாக விறைத்து, பிள்ளையின் தொடை சிவந்து போயிற்று. அப்போதுதான் தண்ணீரை மென்மையாக்கும் மிஷின் வாங்கினார்கள். உயரமாக ஒரு தொட்டி, பக்கத்தில் உப்புக் கொட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தொட்டிக்குள் இருக்கும் மணிகள் சுண்ணாம்பைப் பிடிக்கும். வாரம் ஒருமுறை உப்புத் தண்ணீர் வந்து அந்த மணிகளைக் கழுவும். "ஒரு மூட்டை ஒரு மாசம் வரும்" என்று மிஷினை மாட்ட வந்த பிட்டர் சொல்லிவிட்டுப் போனார். அதுதான் வினையாயிற்று.

மூன்று வாரத்திலேயே உப்பு தீர்ந்தது. நாளுக்கு முப்பது துணி அலசினால் தீராமல் என்ன செய்யும்? ஆனால் பூட்டக்காவின் புத்தி வேறு பக்கம் போயிற்று. இரண்டு தெரு தள்ளி இளையவளின் அம்மா வீடு. அங்கேயும் இதே மிஷின். இவள் குச்சியை வைத்துக்கொண்டு உப்புப் பெட்டியைக் கிளறுவதை இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறார். போதாதா?

"பை கனமாத் தெரியுதே?"

"குழந்தை துணிதான்க்கா. அம்மா வீட்டுக்கு."

"சும்மாதான் கேட்டேன்" என்றபடியே பைக்குள் கையை விட்டு அடிவரை துழாவினார். பிறகு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

மறுநாளே புது மூட்டையைக் கொட்டிய கையோடு பெட்டிக்குப் பூட்டு வந்தது. உள்ளே உப்பின் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு, சாவி இடுப்பில்.

நாற்பது நாள் ஆகியும் உப்பு கோட்டை விட்டு இறங்கவில்லை. இளையவள் காதுபடவே பூட்டக்கா மூத்தவரிடம், "பூட்டினதிலேர்ந்து ஒரு கல்லு குறையல. அப்ப முன்ன எப்படிக் குறைஞ்சுதுன்னு நான் வாயைத் திறந்து சொல்லணுமா?" என்றார். மூத்தவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார்.

இளையவளின் புருஷனோ, "எடுத்திருந்தா சொல்லிடேன். உங்கம்மாவுக்கு நாமளே ஒரு மூட்டை வாங்கிக் குடுத்துடலாம்" என்றான். அதுதான் அவளைச் சுட்டது. திருடி என்ற பேரோடு இந்த வீட்டில் இருப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் தெளியாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது என்று முடிவு கட்டினாள்.

இதற்கிடையே சோப்பு மறுபடி நுரைக்காமல் போயிற்று. "கடைக்காரன் போலிச் சோப்பு விக்கிறான்" என்றார் பூட்டக்கா. அடுத்த நாள், "பிட்டர் நல்ல மணிய மாத்தி எடுத்துட்டுப் போயிட்டான்" என்றார்.

இளையவள் பிட்டருக்குப் போன் போட்டாள்.

"உப்பு குறையவே இல்லையா? அது தப்பாச்சேம்மா! மேல ஓடு மாதிரி கட்டியாகி நின்னிருக்கும், அடியில காலியா இருக்கும். அப்பப்ப கிளறி விடணும். கட்டையால ஒரு குத்து குத்துங்க."

அம்மா வீட்டில் பார்த்த பழக்கத்தில் அவள்தான் கிளறிக்கொண்டிருந்தாள்; பூட்டிய பிறகு கிளற ஆளேது? சாவி கேட்க எழுந்தவள் அப்படியே நின்றாள். தனியாகக் குத்தி உப்பு இறங்கினால், அதுவே தனக்கு எதிரான சாட்சியாகிவிடும். வீட்டு ஆட்கள் எல்லோரையும் கொல்லைக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்களே திறங்க, நீங்களே குத்துங்க. நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன்."

"இதுல என்ன தந்திரம் வச்சிருக்கே?"

"குத்தினாத் தெரிஞ்சிடப்போகுது."

பூட்டக்கா துடைப்பக் கட்டையால் குத்தினார். மூன்றாவது குத்தில் உப்பு ஓடு உடைந்து பொதுக்கென்று உள்ளே விழுந்தது. பாதிப் பெட்டி காலி. பென்சில் கோடு மேலே தனியாக நின்றது.

"யாரு எடுத்தா?" என்றார் பூட்டக்கா, பழக்க தோஷத்தில்.

"சாவி உன் இடுப்புலதானே இருந்துச்சு?" என்றார் மூத்தவர். அந்த வருஷத்தில் அவர் வாய் திறந்து பேசிய ஒரே பேச்சு.

பூட்டக்கா பெட்டிக்குள் குனிந்து காலி இடத்தைக் கட்டையால் துழாவிப் பார்த்தார். பிறகு கொழுந்தனைப் பார்த்து, "உன் பொண்டாட்டி எடுக்கல. நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார். அதோடு நிற்க முடியுமா? "ஆனா அந்தச் சோப்புக்காரன் மேல எனக்கு இன்னும் சந்தேகம்தான்."

இளையவள் கிளம்பவில்லை. புருஷனோடு மட்டும் ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

இதெல்லாம் நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. மூத்தவர் காலமாகிவிட்டார். பூட்டக்காவுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. அதே வீட்டில், கீழறையில், இளையவள் குடும்பத்தோடு இருக்கிறார்.