அடம்பன் முளைக்காத இடம்

எங்கள் ஊரைப் படம் போட்டுக் காட்ட மூன்று கோடு போதும். கிழக்கே கடல், மேற்கே களப்பு என்கிற உப்பங்கழி, நடுவே நீளமான ஒரு மணல் திட்டு. ஊருக்குள் இருந்து வருகிற றோட்டு அந்தத் திட்டின் பாதியோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் வடக்கே வெறும் மணல்தான். றோட்டின் இரு பக்கமும் இப்போது ஹோட்டல்களும் விருந்தாளிகள் தங்கும் கபானாக்களும். அக்கரைப்பற்றில் இருந்து வரும் பஸ்ஸில் வெள்ளைக்காரர்கள் இறங்குகிறார்கள். நான் சின்னவனாக இருந்தபோது அந்தப் பஸ்ஸில் மண்ணெண்ணெயும் மாவும்தான் வந்து இறங்கின.

களப்புக்கு ஒரு வாய் உண்டு. முகத்துவாரம் என்போம். வெயில் காலத்தில் கடல் மணலைத் தள்ளி அதை அடைத்துவிடும். மாரி மழையில் களப்பு நிரம்பி, மேற்குக் கரை வயல்களில் வெள்ளம் ஏறும். அப்போது விவசாயிகளும் மீன் பிடிக்கிற நாங்களும் சேர்ந்து மணலை வெட்டி வாயைத் திறப்போம். எந்த இடத்தில் வெட்டுவது என்று குதிக்காலால் முதல் கோடு இழுப்பது எங்கள் வீட்டாரின் உரிமை. வாப்பா இழுத்தார். அவர் மௌத்தான பிறகு நான் இழுக்கிறேன். நாலு பேர் முன்னால் கதைக்க வராதவன் நான். ஊர் பார்த்து நிற்க நான் செய்கிற ஒரே வேலை அதுதான்.

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஊரின் சரித்திரத்தை மணலில்தான் படித்தேன். அடம்பன் கொடி அடர்ந்து கிடந்தால் அது பழைய மண். அடம்பன் பிடிக்காத இடம் ஒரு காலத்தில் தண்ணீர் போன வழி. அந்த வழியைத் தண்ணீர் மறப்பதில்லை. எங்கள் ஆட்கள் மீன்வாடி போட்டது அடம்பன் கிடந்த மண்ணில். அந்த வாடிகளைச் சுனாமி கொண்டுபோனது. நாட்டில் சண்டை முடிந்ததும் காணி வாங்க ஆட்கள் வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் றோட்டு முடிகிற இடத்தில், என் தோணித்துறைக்குப் பக்கத்தில் காணி வாங்கினார். முதலாளி என்று கூப்பிட்டோம். அவர் என்னைக் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார். மூன்று நாள் தோணியில் ஏற்றி அவருக்குக் களப்பைக் காட்டினேன். முதலை படுக்கிற திட்டு, யானை தண்ணீருக்கு இறங்குகிற இடம், தண்ணீரில் நிற்கிற கண்ணாக் காட்டுக்குள் நுழைகிற வழி. எல்லாவற்றையும் போனில் எழுதிக்கொண்டார். கடைசி நாள் அவருடைய காணியில் நின்றபோது கேட்டார்.

"காக்கா, இந்த மூலையில மட்டும் ஏன் கொடி ஒண்டும் இல்ல?"

"அது பழைய முகத்துவாரம் முதலாளி. வாப்பாட காலத்தில ஒருக்கா இதாலதான் வெட்டின. இதில கட்டடம் போட வேணாம்."

பக்கத்தில் நின்ற மேசன்மாரைப் பார்த்து அவர் சிரித்தார். "அஞ்சாம் வகுப்பு இஞ்சினியர் கதைக்கிறார், கேளுங்கடா! காக்கா, நீங்க தோணியத் தள்ளுங்க. கட்டடத்த நான் பாத்துக்கிறன்."

மேசன்மாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அதே மூலையில் மூன்று கபானா எழும்பியது. புல் பதித்தார்கள். முள்கம்பி வேலி களப்புத் தண்ணீர்வரை இறங்கியது. என் துறையும் வாப்பா தோணி கட்டிய தென்னையும் வேலிக்குள் போயின. கேட்கப் போனேன். "தோணிய அங்கால கொண்டு போங்க காக்கா. கெஸ்ட்மாருக்கு மீன் மணக்குதாம்," என்றான் காவல்காரன்.

வாசலில் ஒரு பலகை நட்டார்கள். தமிழில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். முதலைத் திட்டு, யானை இறங்கும் இடம், எல்லாம் நான் சொன்னவை. கடைசி வரியில், இந்த ஹோட்டல் வரும்வரை இங்கே மனிதர் எவரும் இருக்கவில்லை என்று இருந்தது. பிழையாக வாசித்துவிட்டேனோ என்று இன்னொரு தரம் வாசித்தேன்.

மாரிக்குக் காத்திருந்தேன்.

இரண்டு மாரி சும்மா போயின. களப்பு தானாகவே வடக்கால் உடைத்துக்கொண்டது. மூன்றாவது மாரியில் வயல்கள் மூழ்கின. அரசாங்கக் கந்தோரில் இருந்து வெட்ட அனுமதி வந்தது. இடத்தை வழக்கம்போல் எங்களிடமே விட்டார்கள். வெட்டுவதற்கு முதல் நாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, மஸ்கட் இனிப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு முதலாளி என் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் அந்த மூலை ஞாபகம் வந்திருக்கிறது.

"காக்கா, நாளைக்கு வடக்கால வெட்டுவம். என்ன?"

"ஓம்."

"என்ட புள்ளையள்ற சோறு அதிலதான் இரிக்கி."

"ஓம் முதலாளி."

"உங்கட துறையப் பத்தி மறுகா இருந்து கதைப்பம்."

"ஓம்."

அவர் போனதும் என் மனைவி கேட்டாள். "இஞ்சேருங்க, மெய்யாவே ஓமா?"

"மஸ்கட்டப் புள்ளையளுக்குக் குடு," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீங்களும் லேசுப்பட்ட ஆளில்ல."

காலையில் மண்வெட்டிகளோடு ஊரே திட்டில் நின்றது. முதலாளி குடை பிடித்துக்கொண்டு வடக்கே தயாராக நின்றார். நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. வேலிக்கு வெளியே, கடல் பக்கமாக, அடம்பன் இல்லாத மணலில் நின்று பிஸ்மி சொன்னேன். குதிக்காலை ஊன்றி வேலிவரை இழுத்தேன். அதற்கு அப்பால் களப்பு இருந்த திசையைக் கையால் காட்டினேன்.

முதலாளி ஓடி வந்தார். "காக்கா! வடக்கால எண்டுதானே சொன்னீங்க!"

"கோடு விழுந்தா விழுந்ததுதான் முதலாளி," என்றார் ஒரு விவசாயி. "கம்பிய நீங்க கழட்டுறீங்களா, நாங்க கழட்டவா?"

அவர் என் கையைப் பிடித்தார். "வாயத் திறந்து ஏதும் சொல்லுங்க காக்கா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு எனக்கு வார்த்தை வந்தது.

"இஞ்ச ஆரும் இருக்கல்ல எண்டு பலகையில போட்டிரிக்கீங்க. இல்லாத ஆள்ட்ட என்ன கேக்கிறீங்க?"

சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மாரியில் விருந்தாளிகள் வருவதில்லை. உள்ளே காவல்காரன் மட்டும்தான். அவனை உடுப்பு மூட்டையோடு நானே வெளியே கொண்டுவந்து விட்டேன். நடுப்பகல் லுஹருக்கு வாய்க்கால் ஒரு முழ அகலம். அஸருக்கு றோட்டு அகலம். முதல் கபானா சாய்ந்தது, பிறகு உட்கார்ந்தது, பிறகு இல்லை. மற்ற இரண்டும் அதன் பின்னால் போயின. பலகை கடலுக்குள் போனதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன்.

வடக்கால் வெட்டியிருந்தாலும் வயல் வடிந்திருக்கும். ஒரு நாள் பிந்தியிருக்கும், அவ்வளவுதான். கோடு இழுக்கும்போதே அது எனக்குத் தெரியும். வாப்பாவின் தென்னையும் என் துறையும் சேர்ந்து போகும் என்பதும் தெரியும்.

இப்போது அந்த இடத்தில் ஒரே ஒரு கொங்கிறீட் தூண் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. நல்ல உறுதியான தூண். தோணியை அதில்தான் கட்டுகிறேன்.