பல்வலி என்று நான்தான் சொன்னேன்

நாலு வருஷத்துக்கு முன், ஆனி மாதச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், இரணியலை அடுத்த எங்கள் வீட்டில் இது தொடங்கியது. நான் இயற்பியல் ஆசிரியராக இருந்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். எங்கள் திருச்சபையில் கமிட்டி உறுப்பினரும்கூட. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நான் ஒன்றைச் சொன்னால் ஊரில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அதுதான் பிறகு எனக்கு வினையாக முடிந்தது.

அதற்கு இரண்டு நாள் முன்பு எனக்கும் மனைவிக்கும் ஒரு சண்டை. பெங்களூரில் இருக்கும் மகன் எங்களை அங்கேயே வந்துவிடும்படி கூப்பிட்டிருந்தான். பேரப்பிள்ளைகளோடு இருக்க அவளுக்கு அவ்வளவு ஆசை. நான் அவளைக் கேட்காமலே வர முடியாது என்று போனில் சொல்லிவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்றாள். "பேயாம கெட" என்று அதட்டி வாயை அடைத்தேன்.

அன்று காலை பல் தேய்க்கும்போது வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால், இடது கன்னத்தைத் தொடாமல் கையை அதன் அருகில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "கன்னத்துல கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். சில நொடிதான். பிறகு ஒன்றுமில்லை. மத்தியானம் சோற்றை மெல்லும்போது மறுபடியும் வந்தது. நான் டார்ச் அடித்து வாயைப் பார்த்தேன். கடைவாயில் ஒரு பல் லேசாகக் கறுத்திருந்தது. பல்வலி என்று முடிவு செய்துவிட்டேன்.

நாகர்கோவிலில் பல் மருத்துவராக இருப்பவர் என் பழைய மாணவர். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "பல்லுல ஒண்ணும் தெரியல்ல சார், ஒரு வாரம் பாப்பமே" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நான், "வயசான பல்லுதானே, எடுத்திரு" என்றேன். பத்தாம் வகுப்பில் என் முன்னால் கைகட்டி நின்றவருக்கு அன்றும் என்னை மறுக்கத் தெரியவில்லை. பல்லை எடுத்துவிட்டார்.

வலி போகவில்லை. "இது பல்வலி இல்லங்க" என்று ஒரு தடவை சொன்னாள். "புண் ஆற வேண்டாமா?" என்றேன். அதன்பிறகு அவள் பேச்சைக் குறைத்தாள். ஒரு வாரத்தில் அறவே நின்றது. கேட்டதற்குத் தலையாட்டுவாள். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, துவர்த்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு இருப்பாள். பெங்களூர் விஷயத்தில் என்மேல் பிணக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இவளுக்கு இவ்வளவு வீம்பா என்று நானும் பேசுவதை நிறுத்தினேன். சமையலறையில் தட்டு வைக்கும் சத்தத்தைத் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. அப்படிப் பதினேழு நாள்.

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம் உண்டு. பாட்டு எடுப்பது அவள்தான். எனக்கு ராகம் நிற்காது. அந்த நாட்களில் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். நான் பாடாமலே வேதத்தை வாசித்து முடிப்பேன். என்மேலுள்ள கோபத்தை ஜெபத்தில் காட்டுகிறாளே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மாலை போதகர் வந்தார். "அம்மா, ஒரு பாட்டு எடுங்க" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "என்ன சாரே, ரெண்டுபேரும் பெணக்கமா? நான் வந்த நேரம் கொள்ளாம், நல்ல நேரந்தான்" என்று போதகர் சிரித்தார். எனக்கு மானம் போனது போல் இருந்தது. அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். பாட ஆரம்பித்தாள். முதல் அடி சரியாக வந்தது. இரண்டாவது அடியில் வாய் அப்படியே நின்றது. இடது கண் மூடி, நீர் வழிய, உடம்பு நடுங்கியது. போதகர் பயந்து எழுந்துவிட்டார். அவரை வழியனுப்பிவிட்டு வந்து அவளிடம் நான் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். "ஊழியக்காரர் முன்னாலயும் நடிக்கணுமா?" என்றேன்.

அவள் பாட்டுப் புத்தகத்தை மூடி அங்கேயே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மறுநாள் காலை பாட்டுப் புத்தகத்தை எடுத்து வைக்கும்போது அதிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை விழுந்தது. பின்பக்கம் பென்சிலில் அவள் எழுத்து. மேலே 'டாக்டரிடம் சொல்ல' என்று இருந்தது. கீழே ஒன்றன்கீழ் ஒன்றாக: காற்று பட்டால். முகம் கழுவினால். மென்றால். பாடினால். பேசினால். கடைசியில், 'இது பல்வலி இல்லை. இதை அவர் பக்கத்தில் இல்லாதபோது சொல்ல வேண்டும்.'

என்மேல் கோபமென்று நான் நினைத்த ஒவ்வொன்றும் அந்தத் தாளில் வலியாக இருந்தது.

திருவனந்தபுரத்தில் ஒரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் பழக்கதோஷத்தில் நான்தான் பேச ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "சாரே, அம்ம பறயட்டே" என்றார், அம்மாவே சொல்லட்டும் என்று. நான் திருப்பிக் கொடுத்திருந்த அந்தத் தாளை அவள் நீட்டினாள். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது. தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் ஒவ்வொரு வரியாக வாசித்தார். கடைசி வரியையும் வாசித்தார். அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. முகத்துக்குப் போகும் நரம்பாக இருக்கலாம் என்றார் மருத்துவர். ஆனால் இப்போது விடாமல் ஓர் எரிச்சலும் இருப்பதால் அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "பல்லை எடுத்ததால் வந்ததா?" என்று கேட்டேன். முதலிலிருந்த வலி அதனால் வந்ததில்லை, எரிச்சல் அதனால் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். பிறகு இரண்டு பேரைப் பார்த்தோம். அவர்களும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள்.

அன்று திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும்போது ரயிலில் காற்று அவள் முகத்தில் பட்டுவிடாமல் ஷட்டரை இறக்கினேன். உச்சிவெயில். எதிரே இருந்த ஒரு பெண், "அண்ணாச்சி, அதத் தூக்கி விடுங்க. நாங்க அவிஞ்சு சாவணுமா?" என்றாள். காரணம் சொல்ல வேண்டும். நோய்க்குப் பெயர் தெரியவில்லை. "இவளுக்குப் பல்வலி" என்று என் வாயில் வந்துவிட்டது. மனைவி துவர்த்துக்குள்ளிருந்து என்னை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்க முடிந்திருக்கும். இல்லை. இவர் இப்படித்தான் என்று ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துகொண்ட ஒருத்தியின் களைப்புதான் இருந்தது.

இன்று வரை அதற்குப் பெயர் இல்லை. மாத்திரை சாப்பிட்டால் வலி குறைகிறது, ஆனால் பாதி நாள் மயக்கத்தில் கிடக்கிறாள். பேரப்பிள்ளைகளின் பெயர்களை மாற்றிச் சொல்கிறாள். மாத்திரையைக் குறைத்தால் வலி வருகிறது. பெங்களூர்ப் பயணத்தைப் பற்றி இனிப் பேச்சில்லை. அவ்வளவு தூரம் அவளால் போக முடியாது. ஏழு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வையோடு, பாட்டில்லாமல், நான் தாழ்ந்த குரலில் வாசிக்கிறேன். அவள் பாட்டுப் புத்தகம் அவள் மடியில் மூடியே இருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினாள். அது சரி என்பதா, வலிக்கிறது பேச வேண்டாம் என்பதா, எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆலயத்திலோ கடையிலோ யாராவது வீட்டம்மைக்கு என்ன என்று கேட்டால், தெரியாது என்று மட்டும் சொல்கிறேன். முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன எனக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்ல வர, அவளுடைய நல்ல பல் ஒன்றும் அவள் குரலும் போக வேண்டியிருந்தது.