மூவாயிரத்து எண்ணூறு பதிவுக்காரர்

செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த வேல்முருகன் மேல் எனக்கு முதலிலிருந்தே நம்பிக்கையில்லை. 2006இல் அவன் கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. பொழுதுபோக்காகத் தேனீ வளர்ப்பவர்கள் கூடும் தமிழ் இணைய மன்றம் ஒன்றில் ‘மலைத்தேனீ’ என்ற பெயரில் எழுதுவான். பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரம். பதிவுகள் 3,846. காலை ஒன்பது முதல் ராத்திரி ஒன்பது வரை கடையில் கிடப்பவன் எப்போது தேனீ வளர்க்கிறான்?

நான் இங்கே பள்ளிக்கூட வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் மூன்று தேனீப் பெட்டிகள் வைத்திருந்தேன். அந்த ஆனியில் அடைகளுக்குள் புழுக்கள் செத்துக் கிடந்தன. அவன் கடையில் உட்கார்ந்தே மன்றத்தில் கேள்வியைப் போட்டேன்.

இரண்டு பதில்கள் வந்தன. ஒரு கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னான் மலைத்தேனீ. புளியஞ்சோலை கண்ணாயி என்பவர், “மருந்து வேண்டாம். ராணியைப் பதினைந்து நாள் தனியாக அடைத்து வையுங்கள். புதுப் புழு இல்லாவிட்டால் நோய் ஓய்ந்துவிடும்” என்று எழுதியிருந்தார். அவருடைய பதிவுகள் ஒன்பது. ராணித் தேனீ விற்கிற ஆளாக இருக்குமோ என்று அவர் மேலும் சந்தேகப்பட்டேன். நாலாயிரம் தடவை பதில் சொன்னவன் தப்பாகவா சொல்வான் என்று மாத்திரையை வாங்கினேன்.

பத்தே நாளில் இரண்டு பெட்டிகள் காலி. வேல்முருகனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்து மூன்றாவது பெட்டியின் மூடியைத் திறந்தேன். ஒரு தேனீ எழும்பியதும் கறிவேப்பிலை மரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டான்.

“ஏப்பா, நீ தேனீயே வளர்க்கலையா?”

“இல்லீங்க சார். பொட்டியத் தொறந்ததே இல்லீங்க. யாராச்சும் கேட்டாப் பழைய பதிலைத் தேடிப் போடுவேனுங்க. பாதிக்கு மேல நன்றி, வாழ்த்துன்னு போட்டதுதானுங்க.”

“இதை அங்கே எழுது. இன்னொருத்தன் பெட்டியும் சாக வேண்டாம்.”

“எழுதுனா எவனுமே மதிக்க மாட்டானுங்க சார்.” அழுதுவிடுவான் போலிருந்தது.

மிஞ்சிய பெட்டியில் கண்ணாயி சொன்னபடி ராணியைப் பதினைந்து நாள் அடைத்து வைத்துப் பிறகு திறந்துவிட்டேன். ஒரு மாதத்தில் அடையில் வெள்ளைவெளேரென்று புழுக்கள் நெளிந்தன. மகிழ்ச்சியைவிட வெட்கம்தான் அதிகம். ஆளைச் சந்தேகப்பட்டேன், அந்த 3,846 என்ற எண்ணிக்கையை ஒரு தரமாவது சந்தேகப்பட்டேனா?

கண்ணாயிக்கு நன்றி எழுதலாமென்று கடைக்குப் போனேன். வேல்முருகன் எழுதியிருக்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். எழுதியிருந்தான். “நான் தேனீ வளர்த்ததே இல்லை. அந்த மருந்து தவறு. கண்ணாயி அம்மாவிடம் கேளுங்கள்.”

அதற்குக் கீழே இருபத்தாறு பதில்கள். “ஐயாவின் தன்னடக்கம் யாருக்கு வரும்?” என்று ஒருவர். “இவ்வளவு தெரிந்தும் என்ன பணிவு!” என்று இன்னொருவர். கண்ணாயியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசியாக ஒருவர் எழுதியிருந்தார்: “ஐயா, என் பெட்டியிலும் புழு சாகிறது. அந்த மாத்திரை எத்தனை போட வேண்டும்?”